டிக்கெட் எடுக்காத குட்டிப் பயணி!

தாம்பரம் மார்க்கெட் பக்கம் அம்மாவோடு காய்கறி வாங்கப் போயிருக்கிறீர்களா? கூட்டத்துக்கு நடுவே ஒரு கூடையில் "கீச்... கீச்..." என்று சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று கலர் கலராகக் கோழிக்குஞ்சுகள்! உடனே நம் கால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அம்மா கையைப் பிடித்து இழுத்தாலும் நகராது.

நானும் அப்படி ஒருமுறை ஒட்டிக்கொண்டு நின்று, அழுது, ஒரு ரோஸ் கலர் குஞ்சை வாங்கி வந்தேன். அப்போது மூன்றாம் வகுப்பு. அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு, நொய்யரிசி போட்டு வளர்த்தேன். முதல் வாரம் பெட்டிக்குள் ஓட்டமான ஓட்டம். அப்புறம் ஒரு நாள் மூலையில் உட்கார்ந்துவிட்டது. இறக்கை தொங்கிவிட்டது. மறுநாள் காலையில்... சொல்ல வேண்டாம், புரிந்திருக்கும்.

"ஏன் பாட்டி செத்துப்போச்சு?" என்று அழுதேன்.

"எல்லாரும் வந்து வந்து பார்த்தாங்க இல்ல, கண்ணு பட்டுடுச்சுடா ராஜா" என்றார் பாட்டி.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பல வருடம் கழித்து ஒரு கால்நடை டாக்டரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரித்தார். "குளிர், தண்ணீர் குறைவு, சாயம், அலைச்சல், கிருமி... பத்து காரணம் சொல்லலாம் சார். அறுத்துப் பார்க்காமல் எது என்று எப்படிச் சொல்வது?" என்றார். அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டை போடாது, கறிக்கும் ஆகாது என்று பொரிப்பகங்கள் ஒதுக்குபவை. சாயத்தில் முக்கி எடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத வியாபாரம். நீங்களும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்ன பத்துக் காரணங்களில் ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அது ஒரு வைரஸ். உலகத்தில் உள்ள மிகச் சின்ன வைரஸ்களில் ஒன்று. கோழிக்குஞ்சின் ரத்தத்தையே வெளுக்க வைக்கும். அதைப்போலவே இன்னொன்று பன்றிக்குட்டிகளை எலும்பும் தோலுமாக ஆக்கும். வாருங்கள், அந்தப் பொடியன்களைப் பிடித்துப் பார்ப்போம்!

எவ்வளவு சின்னது?

உங்கள் ஸ்கேலை எடுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அந்த இடைவெளியில் இந்தப் பன்றி வைரஸ்களை வரிசையாக நிற்க வைத்தால் எத்தனை நிற்கும் தெரியுமா? சுமார் 58 ஆயிரம்! ஒன்றின் குறுக்களவு 17 நானோமீட்டர்தான். நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் கிடைப்பதில் ஒன்று. 2020-ல் உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்ததே கொரோனா வைரஸ், அது இதைவிட ஐந்தாறு மடங்கு பெரியது. கோழி வைரஸ் 25 நானோமீட்டர். கொஞ்சம் 'குண்டு'.

எல்லா உயிருக்கும் ஒரு செய்முறைக் குறிப்பு உண்டு. அதுதான் டி.என்.ஏ. நான்கே நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டது. மனிதனுடைய குறிப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்தப் பன்றி வைரஸின் குறிப்பில் எத்தனை? வெறும் 1,768! திருக்குறளோடு ஒப்பிட்டால் ஆறு அதிகாரம் அளவுகூட முழுசாக வராது. கோழி வைரஸுக்கு சுமார் 2,300 எழுத்து. இத்துனூண்டு குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு பண்ணையையே ஆட்டி வைக்கிறது என்றால் சும்மாவா?

இன்னொரு விசேஷம். நம் டி.என்.ஏ. முறுக்கிய நூல் ஏணி மாதிரி இரட்டை இழை. இவற்றில் இருப்பது ஒற்றை இழை. அதுவும் இரண்டு முனையும் ஒட்டி வளையல்போல வட்டமாக இருக்கும். அதனால்தான் பன்றி வைரஸுக்கு 'சிர்கோ வைரஸ்' என்று பெயர் வைத்தார்கள். சர்க்கிள், சர்க்கஸ் எல்லாம் அதே வட்டம்தான்! அந்த வளையலைச் சுற்றி ஒரு பந்து. கால்பந்தில் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல ஒரே மாதிரியான 60 புரதத் துண்டுகள் சேர்ந்த பந்து. அவ்வளவுதான் வைரஸ். கை இல்லை, கால் இல்லை, வயிறும் இல்லை.

ஜெராக்ஸ் மெஷின் இல்லாத திருடன்

வைரஸின் ஒரே வேலை தன்னைப்போலப் பல பிரதிகள் எடுப்பது. பெரிய வைரஸ்கள் சிலவற்றிடம் சொந்தமாகவே 'ஜெராக்ஸ் மெஷின்' இருக்கும். நம் பொடியனிடம் அதை வைத்துக்கொள்ள இடமே இல்லை. 1,768 எழுத்தில் எதைத்தான் எழுதுவது? அதனால் அவன் புகுந்த செல்லின் மெஷினையே இரவல் வாங்க வேண்டும்.

ஆனால் செல் எப்போதும் கடையைத் திறந்து வைத்திருக்காது. தான் இரண்டாகப் பிரியப் போகும்போது மட்டும்தான் டி.என்.ஏ. பிரதி எடுக்கும் மெஷினை ஓட விடும். ஆகவே எந்தக் கடை அடிக்கடி திறக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறான் இந்தத் திருடன். உடம்பில் எந்த இடத்தில் செல்கள் சளைக்காமல் பிரிந்துகொண்டே இருக்கும்? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஓர் இடம். ரத்த அணுக்கள் தயாராவது அங்கேதான். நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் பெருகும் இடங்களும் அப்படியே. அடடா, போயும் போயும் அங்கேயா? ஆமாம், அங்கேயேதான்!

மெஷின் கிடைத்ததும் வளையல் சுழல ஆரம்பிக்கும். முறுக்கு அச்சிலிருந்து மாவு நீளமாக வருவதுபோல புதிய இழை வந்துகொண்டே இருக்கும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு பிரதி. வெட்டு, முனையை ஒட்டு, அடுத்தது!

வெளுத்துப்போன குஞ்சு

1979-ஆம் ஆண்டு ஜப்பானில் யுவாசா என்பவரும் அவருடைய சகாக்களும் கோழிக்குஞ்சுகளில் ஒரு புதிய நோய்க் காரணியைக் கண்டுபிடித்தார்கள். அது தாக்கிய குஞ்சுகளுக்குக் கொண்டையும் தோலும் வெளுத்தன. ரத்தம் தண்ணீர்போல ஆனது. எலும்பை உடைத்துப் பார்த்தால், செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய மஜ்ஜை வெளிர் மஞ்சளாக இருந்தது. 'கோழி ரத்தசோகை வைரஸ்' என்று பெயர் வந்தது. இறக்கைத் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி நீலம் பாய்வதால் 'நீல இறக்கை நோய்' என்றும் சொல்வார்கள்.

இதில் சோகம் என்ன தெரியுமா? நோய் பல நேரம் அம்மாவிடமிருந்தே வருகிறது. முட்டையிடும் பருவத்தில் தாய்க்கோழிக்கு முதன்முதலாக இந்த வைரஸ் தொற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சலோ சோர்வோ எதுவும் தெரியாது. ஆனால் வைரஸ் முட்டைக்குள் போய்விடும். குஞ்சு நன்றாகவே பொரித்து வரும். பத்து, பதினைந்து நாள் கழித்துத்தான் வெளுக்க ஆரம்பிக்கும். பண்ணைக்காரருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இரண்டு மூன்று வாரம் தாண்டிய குஞ்சுக்கு அப்புறம் தொற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. 'அப்பாடா' என்று சொல்லிவிடாதீர்கள். கோழியின் கழுத்தில் இரண்டு பக்கமும் மணிமாலைபோலத் தொங்கும் ஓர் உறுப்பு உண்டு. பெயர் தைமஸ். வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவலர் உயர் பயிற்சியகம் இருக்கிறதே, தைமஸும் அதுபோலத்தான். வெள்ளை அணுப் போலீஸ்காரர்கள் எது சொந்தக்காரர், எது திருடன் என்று பயிற்சி பெறுவது அங்கே. நம் வைரஸ் அந்தப் பயிற்சியகத்திலேயே கை வைத்துவிடுகிறது. பிறகு வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டாலும் சரியாக வேலை செய்யாது. "ஊசி போட்டேன், ஆனாலும் கோழி போய்விட்டதே" என்று ஒரு பண்ணைக்காரர் புலம்பினால், இந்தப் பொடியன் முன்பே வந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முட்டைக்கும் கறிக்கோழிக்கும் பேர்போனது நம் தமிழ்நாடு. இங்கே இது வராமல் இருக்குமா? 1994-ல் வேணுகோபாலன், இளங்குமரன், தினகர் ராஜ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்ததை எழுதினார்கள். அது வெளிவந்த 'இந்தியன் வெட்ரினரி ஜர்னல்' நம் சென்னையிலிருந்தே வருகிற இதழ். 1924-ல் ஆரம்பித்தது. நூறு வயசு தாண்டிவிட்டது! வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அதைவிட மூத்தது. 1903-ல் சைதாப்பேட்டையில் 'டாபின் ஹால்' என்ற கட்டடத்தில் இருபது மாணவர்களோடுதான் அது தொடங்கியது. அடுத்த முறை மின்சார ரயிலில் சைதாப்பேட்டையைத் தாண்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மருந்து? நோய் வந்த குஞ்சுக்கு மருந்து இல்லை. ஆனால் ஓர் அழகான யோசனை இருக்கிறது. குஞ்சுக்கு அல்ல, அம்மாவுக்கு ஊசி! முட்டையிடத் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுத்துவிடுவார்கள். அம்மாவின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள், முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும். ஆபத்தான அந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அது கவசம். நம் அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பது மாதிரி!

பெர்லின் ஜாடியில் ஒளிந்திருந்தவன்

இனி பன்றி கதை. 'ச்சீ' என்று முகம் சுளிக்காதீர்கள். நம் புறநகரில் காலி மனைகளிலும் மழைநீர் தேங்கிய இடங்களிலும் சுற்றுகிற கறுப்புப் பன்றிகளை மட்டும் பார்த்துப் பழகியதால் வருகிற சுளிப்பு அது. பண்ணையில் வளரும் வெண்பன்றியைப் பார்த்தால் மனசு மாறிவிடும்.

1974-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரம். இல்ஸே டிஷர் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவும் ஆய்வகத்தில் வளர்த்த பன்றிச் சிறுநீரக செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பி.கே.15' என்று பெயரிட்ட அந்தச் செல்களை உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் பயன்படுத்தி வந்தன. அதற்குள் இத்துனூண்டு உருண்டைகள்! டிக்கெட் எடுக்காமல் ரயிலில் மூலையில் நிற்பவரைப்போல, யாருக்கும் தெரியாமல், எந்தத் தொந்தரவும் தராமல் ஒளிந்திருந்தது ஒரு வைரஸ். அதற்கு வளையல் வடிவ டி.என்.ஏ. இருக்கிறது என்று 1982-ல் அறிவித்தார்கள். பன்றிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. 'பாவம், சாது' என்று விட்டுவிட்டார்கள்.

1991-ல் கனடாவின் மேற்குப் பகுதியில் ஒரு விசித்திரம். பால் மறந்த பன்றிக்குட்டிகள் நன்றாகத் தின்கிற வயதில் மெலிய ஆரம்பித்தன. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தோல் வெளுத்தது, மூச்சு வாங்கியது. ஆராய்ந்தால்... அட, பெர்லின் சாதுவைப்போலவே ஒருவன்! ஆனால் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தபோது முக்கால் பங்குக்குமேல்தான் ஒத்துப்போயின. மீதி வேறு. இவன் சாதுவின் போக்கிரித் தம்பி. சாதுவுக்கு ஒன்று என்றும் போக்கிரிக்கு இரண்டு என்றும் எண் கொடுத்தார்கள்.

இன்னொரு ஆச்சரியம். ஜெர்மனியில் பாதுகாத்து வைத்திருந்த பழைய பன்றித் திசுக்களைச் சோதித்தபோது 1962-ஆம் ஆண்டு மாதிரியிலேயே 'இரண்டு' இருந்தது. அதாவது முப்பது வருடம் எல்லாருக்கும் முன்னாலேயே நடமாடியிருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை! அப்புறம் 'மூன்று', 'நான்கு' என்று அண்ணன் தம்பிகளும் அகப்பட்டார்கள்.

2006 வாக்கில் 'இரண்டு'க்குத் தடுப்பூசி வந்தது. ஊசி போட்ட பண்ணைகளில் மெலிவது வெகுவாகக் குறைந்தது.

நம் பக்கத்தில்? தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறுங்கள். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர்... அந்தப் பக்கம்தான் காட்டுப்பாக்கம். பூந்தமல்லி ரோட்டில் இருக்கும் காட்டுப்பாக்கம் அல்ல, இது வேறு; ஆட்டோக்காரரிடம் சரியாகச் சொல்லுங்கள்! தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. மாடு, ஆடுகளோடு பன்றிகளும் உண்டு. இங்கே உருவாக்கிய ஒரு பன்றி ரகத்துக்கு 'கே.பி.எம். கோல்டு' என்று பெயர். கே.பி.எம். என்றால் காட்டுப்பாக்கம்தான்! ஊர்ப் பேரில் மாம்பழம் கேள்விப்பட்டிருப்பீர்கள், பன்றி கேள்விப்பட்டதுண்டா?

இதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் தென்னிந்தியாவில் 'இரண்டாம் எண்' போக்கிரியின் இன்னொரு முகத்தைக் கண்டறிந்தார்கள். தாய்ப்பன்றிகளுக்குக் கரு கலைவதற்கும் குட்டிகள் இறந்தே பிறப்பதற்கும் இந்த வைரஸ் காரணமாக இருப்பதை ஓர் உலக ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். 2016-ல் அது வெளிவந்தது. நாலைந்து தாய்ப்பன்றிகளை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் போவது என்றால் சின்ன விஷயமா? அந்த வருடப் பள்ளிக் கட்டணம்கூட அதில்தான் இருக்கும்.

சொட்டு மருந்தில் ஒரு திகில்

இப்போது சொல்லப் போவது பன்றி பற்றி மட்டுமல்ல, உங்களைப் பற்றியும்தான்.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் என்று ஒன்று. 2008-ல் மட்டும் உலகில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதற்குச் சொட்டு மருந்து உண்டு. 2010-ல் சான் பிரான்சிஸ்கோவில் எரிக் டெல்வார்ட் என்ற விஞ்ஞானியின் குழு, சில தடுப்பு மருந்துகளுக்குள் என்னென்ன மரபணு இருக்கிறது என்று துருவிப் பார்த்தது. 'ரோட்டாரிக்ஸ்' என்ற மருந்தில்... யார் தெரியுமா? நம் பெர்லின் சாது! 'ஒன்றாம் எண்' பன்றி வைரஸ்! மறுபடியும் டிக்கெட் இல்லாமல்!

எப்படி ஏறினான்? மருந்து தயாரிக்க ரோட்டா வைரஸை ஆய்வகச் செல்களில் வளர்ப்பார்கள். அந்தச் செல்களைப் பிரித்தெடுக்க டிரிப்சின் என்ற பொருள் தேவை. அதைப் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010 மார்ச் 22 அன்று, 'இந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்' என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. கொஞ்ச நாளில் 'ரோட்டாடெக்' என்ற இன்னொரு மருந்திலும் பன்றி வைரஸின் டி.என்.ஏ. துணுக்குகள் தெரிந்தன. பெற்றோர்களுக்குத் தூக்கம் போனது.

என்ன செய்வது? நிறுத்தினால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் போகும். தொடர்ந்தால் பன்றி வைரஸ் ஏதாவது செய்யுமா? நிபுணர்கள் பழைய கணக்குகளை எல்லாம் எடுத்தார்கள். லட்சக்கணக்கான குழந்தைகள் ஏற்கெனவே அந்த மருந்தைக் குடித்திருந்தார்கள். யாருக்கும் பன்றி வைரஸால் நோய் வந்ததற்கு அடையாளம் இல்லை. பன்றிக்கறி சாப்பிடுபவர்கள் எத்தனையோ வருடமாக இந்த வைரஸையும் சேர்த்தே சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மே 14 அன்று, 'இரண்டு மருந்தையும் கொடுக்கலாம்' என்று முடிவு வந்தது. ஒளித்து வைக்காமல் எல்லாவற்றையும் வெளியே சொல்லி, சோதித்து, பிறகு முடிவெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தியாவில் 2016 முதல் ரோட்டா சொட்டு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நம் நாட்டிலேயே தயாராகும் மருந்துகள் அதில் உண்டு. உங்கள் தம்பி தங்கைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், 'ரோட்டா' என்று எழுதியிருக்கும்.

சில சந்தேகங்கள்

"அப்படியென்றால் சிக்கன் சாப்பிடலாமா அங்கிள்?" என்று கேட்பது காதில் விழுகிறது. தாராளமாக! கோழி ரத்தசோகை வைரஸும் பன்றி சிர்கோ வைரஸ்களும் மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். 2009-ல் எல்லாரையும் பயமுறுத்திய பன்றிக் காய்ச்சல் வேறு. அது ஃபுளூ வைரஸ். 2020-ல் அசாம் பக்கம் வந்து பன்றிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் வேறு. அந்த வைரஸின் குறிப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் எழுத்துகள். நம் பொடியன் முன்னால் அது யானை.

"சோப்புப் போட்டால் செத்துவிடுமா?" இது நல்ல கேள்வி. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்புச் சட்டை உண்டு. சோப்பு அதைக் கரைத்ததும் ஆள் காலி. சிர்கோவுக்குச் சட்டையே கிடையாது. கரைப்பதற்கு என்ன இருக்கிறது? கோழி வைரஸ் 80 டிகிரி சூட்டில் கால் மணி நேரம்கூடத் தாங்கும். 100 டிகிரியில் கொதிக்க விட்டால்தான் சரணடையும். அதனால்தான் பண்ணையில் ஒருமுறை புகுந்தால் தரை, கூண்டு, தீவனத் தட்டு என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு அடுத்த ஈட்டுக் குஞ்சுக்காகக் காத்திருக்கும்.

கிளி வளர்ப்பவர்களுக்கு ஒரு கொசுறு: கிளி இனங்களுக்கும் தனியாக ஒரு சிர்கோ வைரஸ் இருக்கிறது. இறகு உதிர்ந்து, அலகு கோணிப்போகும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

போக்கிரியிடம் ஒரு புதையல்

கோழி வைரஸ் தன் வேலை முடிந்ததும் செல்லைக் கொன்றுவிட்டு வெளியேறும். அதற்காக அது வைத்திருக்கும் புரதத்தின் பெயர் அபோப்டின். 121 கண்ணிகள் கொண்ட சின்னச் சங்கிலி. நெதர்லாந்தில் நோட்பார்ன் என்ற விஞ்ஞானியின் குழு இதை மனிதச் செல்களில் போட்டுப் பார்த்தது. 1990-களில் வந்த முடிவு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. புற்றுநோய்ச் செல்கள் செத்தன. சாதாரணச் செல்கள் அப்படியே இருந்தன!

இன்னும் மருந்தாக வரவில்லை. சோதனைக் குழாயில் நடப்பது உடம்புக்குள் அப்படியே நடந்துவிடாது. எப்படி உள்ளே அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

எந்தப் பண்ணைக்காவது சுற்றிப்பார்க்கப் போனால் வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்துவிட்டு வரச் சொல்வார்கள். "நேற்று வேறு பண்ணைக்குப் போனாயா தம்பி?" என்றும் கேட்பார்கள். போயிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் செருப்பில் டிக்கெட் எடுக்காமல் எத்தனை பேர் வந்திருக்கிறார்களோ!